தன் பெயரைத் துறவாத அம்மையார்

யாழ்ப்பாணத்திலே தமிழ் கற்றோர் வைத்தியர் கிறீனை மறப்பதில்லை. சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அவ்வமெரிக்கர் 1847ஆம் ஆண்டு இந்நாட்டுக்கு வந்தவர். மானிப்பாயில் இருந்து மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தவர். அதற்கு வேண்டிய நூல்களையும் கலைச்சொற்களையும் ஆக்குவித்தவர். கீழைத்தேயக் கல்லூரி ஒன்றிலே தமிழ் கற்பித்துவரும் நான், கலைச்சொல்லாக்கம் பற்றிப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் அவர் பெயரைச் சொல்லாது விடுவதில்லை. அவர் பிறந்த ஊர் மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர். நமக்கு உபகாரஞ் செய்த ஒருவரைத் தந்த ஊர் எத்தகையது என்று அறியும் ஆசையால், அதன் வரலாற்றை ஒருநாள் தேடிப் படித்தேன்.

அப்பொழுது வேறொரு செய்தி கண்ணிற் பட்டது. வைத்தியர் கிறீன் இங்கே நோயாளரைப் பார்த்துக்கொண்டிருந்த 1850ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே, அவருடைய ஊராகிய வூஸ்ரரில், பெண்களின் உரிமைக்காக அமெரிக்க தேசத்தின் பல பாகத்தாரும் வந்து கூடிய முதல் மாநாடு நடைபெற்றது. அதனைக் கூட்டுதற்கு உழைத்தோருள் ஒருவர் லூசி ஸ்ரோன் அம்மையார். அவருக்கு அப்பொழுது முப்பத்திரண்டு வயது.

அவ்வம்மையாரின் வரலாற்றை நான் தொடர்ந்து படித்தமைக்கு வீட்டிலே ஒரு காரணம் இருந்தது. அதனை ஒளியாது சொல்லிவிடுகின்றேன். என் மூத்த மகளும் ஓர் ஆசிரியை. அவளுக்குச் சம்பந்தம் பேசிவந்த பகுதியார், பெண்ணின் சம்பளம் எவ்வளவு என்று விசாரித்தார்கள். நானும் பெருமையோடு சொன்னேன். அவர்கள் போன பின்பு, மகள் என்னிடம் ஒன்று கேட்டாள். கலியாணத்துக்குப் பிறகு அந்தச் சம்பளம் யார் கைக்குப் போகும், ஐயா, என்பதே அவள் கேள்வி. இலக்கணத்தில் எந்த ஐயத்தைக் கேட்டாலும் உடனே விடை சொல்லிப் பழகிய நான், அன்று வாய் திறக்கவில்லை. லூசி ஸ்ரோன் அம்மையார் தம் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியும் அதுவே.

பாற்கட்டி விற்ற தாய்

லூசி 1818ஆம் ஆண்டு ஓகஸ்ற் 13ஆம் நாள், மசாசூசெற்ஸ் மாநிலத்து வெஸ்ற் புறூக்வீல்ட் என்னும் ஊரை அடுத்த குன்றின்மேல் இருந்த ஒரு கமக்கார வீட்டிலே பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் எட்டாவது பிள்ளை. பிறப்பதற்கு முன்னாள் இரவு திடீரென மழை மூண்டது. வீட்டு ஆண்கள் யாவரும் வைக்கோலைக் காக்க வயலுக்கு ஓடிவிட்டனர். நிறைமாதக் கர்ப்பிணியாகிய தாய் எட்டுப் பசுக்களையும் தாமே கறந்து முடித்தார். மறுநாள் பிறந்தது பெண் என்று அறிந்தபோது அத்தாய் மகிழவில்லை. பெண்ணின் வாழ்வு கடினமானது என்று இரங்கினார்.

தந்தையார் பிரான்சிஸ் ஸ்ரோன் உழைப்பாளி. குடும்பம் பசித்திருந்ததில்லை. ஆயினும் வீட்டுப் பணம் முழுவதும் அவர் கையில் இருந்தது. பால் கறப்பதும், வெண்ணெய் எடுப்பதும், பாற்கட்டி செய்வதும், துணி நெய்வதும் தாயின் வேலை; அவற்றால் வந்த காசு தந்தையின் உடைமை. பிள்ளைகளுக்கு ஓர் உடுப்பு வேண்டுமானாலும் தாய் கேட்டு நிற்கவேண்டும். கேட்டபின் ஏச்சும் கேட்கவேண்டும். ஆதலால் அவர் சிலவேளை கணவரின் பணப்பையிலிருந்து சில நாணயங்களை அறியாமல் எடுப்பார். சிலவேளை தாம் செய்த பாற்கட்டி ஒன்றை மறைவாக விற்பார். சிறுமி லூசி இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய்க்குத் துணையும் நின்றாள்.

தான் கறந்த பாலில் தான் செய்த பொருளைத் தானே களவாக விற்பது எவ்வகைக் களவு? இக்கேள்வி அச்சிறுமியின் நெஞ்சிலே தைத்துவிட்டது. நாட்டிலோ சுதந்திரம் என்ற சொல் முழங்கிக்கொண்டிருந்தது. தம்மைக் கேளாது வரி விதித்த அரசை எதிர்த்து, 1773இல் பொஸ்ரன் துறைமுகத்திலே தேயிலையைக் கடலிற் கொட்டிய மக்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். உழைத்தவன் உழைப்பின் பயன் உழைத்தவனுக்கே என்பது அவர்களுடைய பெருங்கொள்கை. அக்கொள்கை ஊர்ச்சபை வரை வந்தது. வீட்டு வாயிற்படியோடு நின்றுவிட்டது.

கணவன் மனைவியை ஆள்வான் என்ற வாசகத்தை வேதாகமத்திலே படித்தபோது லூசி மனம் உடைந்தாள். பின்பு ஒரு தீர்மானஞ் செய்தாள். மூலநூல் எழுதப்பட்ட எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் தான் கற்க வேண்டும்; மொழிபெயர்ப்பாளர் செய்த பிழையோ என்று தானே பார்க்க வேண்டும் என்பது அத்தீர்மானம். பாடபேத ஆராய்ச்சியிலே காலங்கழிக்கும் பண்டிதர்கள் இச்சிறுமியைத் தம் இனத்தவளாகவே கொள்ளலாம்.

கற்ற கல்வியும் பெற்ற கூலியும்

தந்தையார் ஆண்மக்கள் இருவரைக் கல்லூரிக்கு அனுப்பினார். மகளும் கல்லூரிக்குப் போக விரும்பியபோது அவருக்கு அது பித்தாகத் தோன்றியது. லூசி காட்டுப் பழங்களும் கொட்டைகளும் பொறுக்கி விற்றுப் புத்தகம் வாங்கினாள். பதினாறாம் வயதிலே ஆசிரியை ஆனாள். ஒரு மாரிகாலத்தில் தமையனார் ஒருவருக்குப் பதிலாக அவர் பள்ளியிலே கற்பித்தாள். அவர் கற்பித்த பாடங்களையே கற்பித்தும், அவர் பெற்ற சம்பளம் கிடைக்கவில்லை. காரணங் கேட்டபோது, பெண்ணுக்குப் பெண்ணின் சம்பளமே தரலாம் என்று விடை வந்தது.

அக்காலத்திலே, வேதசாஸ்திரம் படிக்கும் ஓர் இளைஞனின் கல்விச் செலவுக்காக, ஊர்ப் பெண்கள் கூடிச் சட்டை தைத்துக் கொடுப்பது வழக்கம். லூசியும் ஒரு சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். பெண்களுக்கு உயர்கல்வி நிலையம் அமைக்கப் பொருள் திரட்டிக்கொண்டிருந்த மேரி லயன் அம்மையார் அங்கு வந்து பேசினார். ஊசியால் ஒரு பெண் ஒரு வாரத்திலே உழைப்பதைக் காட்டிலும் ஆண்மகன் ஒருவன் மிகக் குறைந்த காலத்திலே உழைத்துவிடுவானே, அவனுடைய கல்விக்குப் பெண்களாகிய நாம் தைப்பதா என்று லூசி எண்ணினாள். தையலை முடிக்காமலே வைத்துவிட்டாள்.

இவ்விடத்திலே நம் நாட்டுக்கும் அந்நாட்டுக்கும் உள்ள ஒரு தொடர்பைக் குறிப்பிடல் வேண்டும். 1816இல் யாழ்ப்பாணத்துக்கு மிசனரிமாரை அனுப்பியவை, அப்பகுதிக் கொங்கிரிகேசனல் சபைகளே. 1824இல் உடுவிலிலே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கி, நம் பெண்கள் எழுத்தறிய அவை வழிசெய்தன. அச்சபைகளின் மசாசூசெற்ஸ் போதகர்களே 1837இல் ஒரு நிருபம் எழுதி, பெண்கள் பொதுமேடையில் ஏறிப் பேசுவது தகாது என்று கண்டித்தார்கள். அந்நிருபம் வாசிக்கப்பட்டபோது லூசி கோயில் மாடத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பின்பு ஒருமுறை தன் சபையில் ஒரு விடயம் வாக்குக்கு விடப்பட்டது. அவளும் கை உயர்த்தினாள். அந்தக் கையை எண்ண வேண்டாம் என்று போதகர் சொல்லிவிட்டார். கடல் கடந்து வந்து பெண்ணுக்கு ஏடு கொடுத்த ஒரு கூட்டம், தன் ஊரிலே அவள் கையை எண்ண மறுத்தது. நன்மை செய்வோரிடத்தும் ஓர் எல்லைக்கோடு இருக்கும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

ஆசிரியத் தொழிலிலே சிறுகச் சிறுகச் சேமித்து, இடையிடையே மேரி லயனின் மவுண்ற் ஹோலியோக் முதலிய பள்ளிகளிற் பயின்று, 1843இல் தம் இருபத்தைந்தாம் வயதில் லூசி அம்மையார் ஒகாயோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரிக்குச் சென்றார். பெண்களையும் கறுப்பினத்தவரையும் சேர்த்துக்கொண்ட கல்லூரி அது. ஏரி கடக்கும் கப்பலில் அறை எடுக்கப் பணமில்லாமையால், மேற்றளத்திலே தானிய மூடைகளின்மேற் படுத்து இரவைக் கழித்தார்.

அங்கும் மாணவிகள் ஆண் மாணாக்கரின் துணிகளைத் தோய்க்கவும் தைக்கவும் வேண்டியிருந்தது. விடுதி வேலைக்கு மணிக்கு மூன்று சதம் பெற்றார் அம்மையார். கீழ்வகுப்புகளிலே கற்பிக்கும் வேலை பின்பு கிடைத்தது. அங்கே தம்மிலும் அனுபவங் குறைந்த ஆண் மாணாக்கருக்கு மிகுதியாகவும் தமக்குக் குறைவாகவும் கூலி கொடுக்கப்படுவதைக் கண்டார். ஒத்த கூலி கேட்டார், மறுத்தார்கள், வேலையை விட்டார். அவரிடம் படித்தவர்கள் அவர் திரும்பி வரவேண்டும் என்று வேண்டினார்கள். மூன்று மாதஞ் சென்றபின் ஒத்த கூலிக்கே அவரை அழைத்தார்கள். பணத்தின் பொருட்டு அம்மையார் நடத்திய முதற்போர் இவ்வாறு வெற்றியில் முடிந்தது. தந்தையாரும் மனம் இளகி, கடனாகச் சிறிது பொருள் தர இசைந்தார்.

1847இலே பட்டம் பெற்றார். மசாசூசெற்ஸ் மாநிலத்துப் பெண்களுள் கல்லூரிப் பட்டம் பெற்ற முதல்வர் அவரே. பட்டமளிப்பு நாளுக்கு ஒரு கட்டுரை எழுதும்படி அவர் தெரிவுசெய்யப்பட்டார். எழுதுவது அவர், மேடையில் வாசிப்பது ஓர் ஆண்மகன் என்பது விதி. அம்மையார் எழுதவே இல்லை.

மனைவியும் ஆறாம் வேற்றுமையும்

அடுத்த ஆண்டு அடிமை ஒழிப்புச் சங்கத்தின் பேச்சாளராக வேலை ஏற்றார். அடிமைகளைப் பற்றிப் பேசப் புகுந்தவர் பெண்களைப் பற்றியும் பேசலானார். சங்கத்தார் முணுமுணுத்தனர். ஈற்றில், வார இறுதி நாட்களிலே அடிமைகளுக்காகச் சங்கத்தின் பேரிலும், மற்றை நாட்களிலே பெண்களுக்காகத் தம் சொந்தப் பொறுப்பிலும் பேசுவது என்று முடிவாயிற்று. மாரிகாலத்தில் ஒருநாள், பேசிக்கொண்டிருந்தவர்மேல் யாரோ யன்னல் வழியாகக் குளிர்நீரைப் பாய்ச்சினார்கள். சால்வையைப் போர்த்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார். உருவத்தாற் சிறியவர், குரலோ இனியது. கேட்போர் கூட்டம் பெருகியது. நுழைவுக் கட்டணம் வைத்தார். ஆயிரக்கணக்கான டொலர் சேர்ந்தது. கேட்டு நின்ற தாயின் மகள், எவரிடமும் கேளாத நிலையை அடைந்தார்.

இனி, அவர் எதனை எதிர்த்தார் என்பதை விளங்கிக்கொள்ளல் வேண்டும். இங்கிலாந்திலிருந்து அமெரிக்கர் பெற்றுக்கொண்ட பழஞ்சட்டத்தின்படி, மணமான பெண் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியமாட்டாள். கணவனும் மனைவியும் ஒருவர். அந்த ஒருவர் கணவன். அவள் உழைத்த கூலி அவனுடையது. அவள் கொண்டுவந்த நகையும் பணமும் அவனுடையவை. அவள் நிலத்தின் வருவாயும் அவனுக்கே. பிள்ளைகளுக்குப் பாதுகாவலன் அவனே. அவள் தன் பேரிலே ஓர் உடன்படிக்கை எழுதவும் இயலாது.

ஆறாம் வேற்றுமைக்குக் கிழமைப் பொருள் உண்டு என்று நாம் படிப்பிக்கின்றோம். சாத்தனது வீடு என்பது பிறிதின் கிழமை. சாத்தனது கை என்பது தற்கிழமை. வீட்டை விற்கலாம், கை உடலோடு ஒட்டியது. மேற்கூறிய சட்டம் மனைவியைக் கணவனுடைய கை என்று வைத்தது. கையை யாரும் இழிவாகக் கருதுவதில்லை, மோதிரமும் இடுவர், காயம் பட்டால் மருந்தும் கட்டுவர். ஆனால், கைக்கென்று ஓர் உடைமை உண்டோ? கை பிடித்த காசு உடையவன் காசே. அன்பு மிக்க வீடுகளிலும் இச்சட்டம் அப்படியே இருந்தது. கணவன் நல்லவனாயின் அது தூங்கும், பொல்லாதவனாயின் விழித்தெழும். நல்லவன் ஒருவனை நம்பி வாழ்வதும், தனக்கென ஓர் உரிமையோடு வாழ்வதும் ஒன்றாகா என்பதே அம்மையாரின் வாதம். 1839 முதல் சில மாநிலங்கள் இச்சட்டத்தைச் சிறிது சிறிதாகத் தளர்த்தத் தொடங்கின. ஆயினும் வேர் அறவில்லை.

இத்தகைய சட்டத்தின்கீழ் மணஞ் செய்வதில்லை என்றே அம்மையார் உறுதி பூண்டிருந்தார்.

1855 மே முதல் நாள்

சின்சினாற்றி நகரத்திலே ஓர் இரும்புச் சாமான் கடைக்கு, சங்கத்தார் கொடுத்த காசோலை ஒன்றை மாற்றுதற்காக அம்மையார் 1850இல் ஒருமுறை சென்றிருந்தார். அக்கடைக்காரர் ஹென்றி பிளாக்வெல். அம்மையாரிலும் ஏழு வயது இளையவர். அமெரிக்காவிலே மருத்துவப் பட்டம் பெற்ற முதற் பெண்ணாகிய எலிசபெத் பிளாக்வெல் அவருடைய தமக்கையார். உழைக்கும் பெண்களின் நடுவே வளர்ந்தவர் ஆதலால், அறிவுடைய பெண்ணைக் கண்டு அஞ்சாதவர்.

1853இல் அம்மையாரின் பேச்சைக் கேட்டபின் அவர் தம் விருப்பத்தைத் தெரிவித்தார். அம்மையார் மறுத்தார். ஏறக்குறைய இரண்டாண்டு கடிதப் போக்குவரத்து நடந்தது. இதற்கிடையில், புகைவண்டியிலே எசமானரோடு சென்ற அடிமைச் சிறுமி ஒருத்தியை ஹென்றி துணிந்து இறக்கி விடுவித்தார். தென்னாட்டார் அவர் தலைக்கு விலை வைத்தனர். அச்செயல் அம்மையாரின் மனத்தை மாற்றியது என்பர்.

அவ்விருவரின் கடிதங்களிலே காதலோடு கணக்கும் இருந்தது. சேர்ந்து வாழுங் காலத்து வருவாயைப் பகிர்ந்துகொள்வது. ஒருவருடைய நிலத்திலும் கடனிலும் மற்றவருக்குத் தொடர்பில்லாதிருப்பது. பிரிய நேர்ந்தால் அதன் பின்னுள்ள உழைப்பில் ஒருவர்க்கொருவர் உரிமை கோராதிருப்பது. எங்கு வசிப்பது என்பதிலும் பிள்ளை பெறுவதிலும் அவள் விருப்பத்தை மதிப்பது என்றெல்லாம் பேசி முடித்தனர். மனைவியைத் தாம் போஷிப்பதையே ஹென்றி விரும்பினார். அம்மையார் இசையவில்லை, வீட்டுச் செலவிற் பாதி தம்முடையது என்று உறுதியாக நின்றார். கலியாணப் பேச்சிலே கணக்குப் பேசுவது உலகெங்கும் உள்ளதுதான். ஆனால், பெரும்பாலும் பேசுவோர் பெற்றோரும் உற்றாரும். இங்கே பேசியவர்கள் மணக்கப் போகும் இருவருமே.

1855ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள், அம்மையார் பிறந்த வீட்டிலே திருமணம் நடந்தது. போதகர் தோமஸ் ஹிக்கின்சன் நடத்திவைத்தார். சடங்கு தொடங்கும்போது மணமக்கள் கைகோத்து எழுந்து ஒரு கண்டனப் பத்திரத்தை வாசித்தார்கள். தாம் ஒருவரையொருவர் விரும்பியே மணப்பதாகவும், ஆனால் மனைவியின் உடலையும் உழைப்பையும் பொருளையும் பிள்ளைகளையும் கணவனுக்கே உரிமையாக்கும் சட்டங்களைத் தாம் ஏற்கவில்லை என்றும், அச்சட்டங்கள் தமக்குத் தரும் அதிகாரத்தைக் கணவர் விட்டுவிடுவதாகவும் அதிலே எழுதியிருந்தனர். கீழ்ப்படிவேன் என்ற சொல் மணவுறுதியில் இடம்பெறவில்லை. போதகர் அப்பத்திரத்தைப் பத்திரிகைகளுக்கு அனுப்பிவைத்தார். சிலர் மெச்சினர், பலர் நகைத்தனர்.

அம்மையார் கணவரின் பெயரைத் தாங்கவில்லை. மனைவி கணவன் பெயரை மேற்கொள்ள வேண்டும் என்று சட்டம் எங்காவது சொல்கின்றதா என வழக்கறிஞரிடம் விசாரித்தார். சட்டம் இல்லை, வழக்கமே உண்டு என்று அறிந்தார். ஆதலால் இறுதிவரை லூசி ஸ்ரோன் ஆகவே இருந்தார்.

வீடும் வரியும் குழந்தையும்

நியூ ஜேர்சி மாநிலத்து ஒரேஞ்ச் என்னும் ஊரிலே அம்மையார் பேரில் ஒரு வீடு வாங்கினார்கள். அங்கே 1857 செப்ரெம்பரில் மகள் அலிஸ் பிறந்தாள். வீட்டுக்கு வரி கேட்டு ஓலை வந்தது. உடைமையாளர் பெண், வரி கட்டுவார், ஆனால் வாக்களிக்க மாட்டார். வாக்கில்லாதவரிடம் வரி கேட்பது இந்நாட்டின் கொள்கைக்கே முரண் என்று எழுதி, அம்மையார் ஓலையைத் திருப்பி அனுப்பிவிட்டார். 1858 ஜனவரியில் அவர் வீட்டுச் சாமான்கள் வாசலிலே ஏலம் போயின. அயலவர் ஒருவர் அவற்றை ஏலத்தில் எடுத்து மீண்டும் அவரிடமே கொடுத்தார். தேயிலையைக் கடலிற் கொட்டியவர்களைப் பாடப்புத்தகத்திலே வீரர் என்று படிப்பித்த சமுதாயம், அதே நியாயத்தைக் கைக்குழந்தையோடு ஒரு தாய் கூறியபோது மேசை நாற்காலியை ஏலம் விட்டது.

ஆயினும், இவ்வரலாற்றிலே என்னை மிகவும் சிந்திக்க வைத்தது ஏலம் அன்று. அதன் பின் வந்த மௌனம். வேலைக்காரியிடம் பிள்ளையை விட்டுவிட்டு மேடைக்குச் சென்று பார்த்தார் அம்மையார். மனம் நிலைகொள்ளவில்லை. ஒரு பேச்சு முடிந்து வீடு திரும்பி, தூங்கும் குழந்தையின் முகத்தைப் பார்த்தவர், இனிச் சில காலம் தாம் தாயாக மாத்திரம் இருப்பது என்று முடிவுசெய்தார். 1859இல் ஆண்குழந்தை ஒன்று குறைமாதத்திற் பிறந்து இறந்தது. வாட்டும் தலைவலி வேறு. நாடறிந்த பேச்சாளர், ஏறக்குறைய 1860களின் நடுப்பகுதி வரை, பெரும்பாலும் வீட்டோடே இருந்தார். கணவர் வணிகத்தின் பொருட்டு ஊர் ஊராகத் திரிந்தார்.

ஹென்றி நல்லவர், கொடுத்த வாக்கைப் பேணியவர். அதிகாரத்தை விட்டுக்கொடுத்த அவர், தம் தொழிலை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எவரும் நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை. பத்திரத்தில் எழுதப்பட்டவை எல்லாம் நிறைவேறின. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் விழித்திருப்பது என்பது அப்பத்திரத்தில் எழுதப்படவில்லை. பணத்துக்குக் கணக்கு எழுதலாம். காலத்துக்கு யார் கணக்கு எழுதுவது? அத்துணைத் தெளிந்த அறிவினரும் இதற்கு வழி காணவில்லை. இஃது அம்மையாரின் தோல்வி அன்று. சட்டத்தின் வேர் ஓர் ஆழம். வழக்கத்தின் வேர் அதனிலும் ஆழம்.

ஒரு கையொப்பம்

உள்நாட்டுப் போர் முடிந்தது. 1867இல் கணவரும் மனைவியும் கன்சாஸ் மாநிலம் சென்று பெண்ணின் வாக்குரிமைக்காகப் பேசினர். அடிமைத்தளை நீங்கிய ஆண்களுக்கு வாக்குரிமை தரும் திருத்தம் வந்தபோது, பெண்களை விட்டுவிட்ட அத்திருத்தத்தை ஏற்பதா என்று இயக்கத்தார் பிளவுபட்டனர். எலிசபெத் ஸ்ரான்ரனும் சூசன் அந்தனியும் ஏற்க மறுத்தனர். லூசி அம்மையாரோ, ஒருவருக்காவது விடிகின்றதே என்று ஆதரித்தார். 1869இல் இயக்கம் இரண்டாயிற்று; இருபது ஆண்டு கழிந்து 1890இலேயே மீண்டும் ஒன்றாயிற்று.

1870 ஜனவரியில் பொஸ்ரன் நகரத்திலே பெண்களின் உரிமைக்காக ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். பின்னர்க் கணவரும் மகளும் அதனை நடத்தத் துணைநின்றனர். பத்திரிகைக்குப் பொருள் திரட்டும் பாரம் அம்மையார் தலையிலேயே இருந்தது. பாற்கட்டியை மறைவாக விற்ற தாயின் மகள், பத்திரிகைக்குப் பங்குப்பணம் வெளிப்படையாகக் கேட்டு வாங்கினார்.

1879இல் மசாசூசெற்ஸ் மாநிலம் பெண்களுக்கு ஒரு சிறு வாக்கு அளித்தது. பாடசாலைக் குழுவைத் தெரிவுசெய்யும் வாக்கு அது. முப்பது ஆண்டு உழைத்தவர் பதிவுசெய்யச் சென்றார். பதிவாளர் ஒன்று சொன்னார்: கணவர் பெயரோடு சேர்த்துக் கையொப்பம் இடல் வேண்டும். அம்மையார் இடவில்லை. அவர் பெயர் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டது. வாழ்நாள் முழுவதும் வாக்குக்காக வழக்காடியவர், தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் வாக்களிக்கவில்லை.

இதனை வீண் பிடிவாதம் என்று சொல்வாரும் உளர். முதலில் நானும் அவ்வாறே நினைத்தேன். ஒரு சொல்லை எழுதிவிட்டு உரிமையைப் பெற்றிருக்கலாமே என்று தோன்றியது. பின்பு எண்ணிப் பார்த்தேன். தன் பெயரால் அன்றிப் பிறர் பெயரால் வரும் உரிமை, மீண்டும் அந்தப் பழைய தற்கிழமைதானே! கை வாக்களித்தது என்று எழுதுவதற்கும் அதற்கும் வேற்றுமை என்ன?

1893 மே மாதம் சிக்காக்கோ நகரத்து உலகப் பொருட்காட்சியையொட்டிய பெண்கள் மாநாட்டிலே பேசினார். அதுவே அவர் இறுதியாக ஆற்றிய பெரும்பேச்சு. வயிற்றிலே புற்றுநோய் கண்டது. அதே ஆண்டு ஒக்ரோபர் 18ஆம் நாள், பொஸ்ரன் நகரத்து டோர்செஸ்ரரில் எழுபத்தைந்தாம் வயதில் உயிர்நீத்தார். அமெரிக்கப் பெண்கள் நாடு முழுவதும் வாக்குரிமை பெற்றது 1920இல். அடுத்த ஆண்டிலே, மணமான பின்னும் தம் பெயரைப் பேண விரும்பிய பெண்கள் அவர் பெயரால் ஒரு சங்கம் நிறுவினர். அலிஸ் 1930இலே தாயின் வரலாற்றை நூலாக வெளியிட்டார்.

பணத்தைப் பற்றிய வழக்கு அவரோடு முடியவில்லை. ஒத்த வேலைக்கு ஒத்த கூலி என்ற சட்டம் அமெரிக்காவில் 1963இலேயே வந்தது. கடன் கேட்கும் பெண்ணை, அவள் பெண் என்பதனாலோ மணமானவள் என்பதனாலோ மறுக்கலாகாது என்று விதித்தது 1974இல். மனைவிக்கும் பங்குள்ள வீட்டைக் கணவன் அவளைக் கேளாமலே ஈடு வைக்கலாம் என்றிருந்த லூசியானா மாநிலச் சட்டத்தை உயர்நீதிமன்றம் தள்ளியது 1981இல். அம்மையார் இறந்து எண்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னர்! சுதந்திரத்தைத் தம் தேசத்தின் பெயராகவே சொல்லிக்கொள்ளும் மக்கள், அதனை வீட்டுக்குள் கொண்டுசெல்ல எடுத்த காலம் இது.

இவற்றையெல்லாம் படித்து முடித்தபின் என் வீட்டை நோக்கினேன். என் மனைவி சந்தைக்குப் போகக் காசு கேட்பதும், நான் எண்ணிக் கொடுப்பதும், சனிக்கிழமை இரவு கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்து அவர் ஒப்புவிப்பதும் எங்கள் இல்லறத்தின் ஒழுங்கு. அதனைச் சிக்கனம் என்று நான் பெருமையாகச் சொல்லிவந்தேன். பிரான்சிஸ் ஸ்ரோனும் அவ்வாறே சொல்லியிருப்பார்.

மகளுக்கு விடை சொன்னேன். உன் சம்பளம் உன் பேரில் உள்ள வங்கிக் கணக்குக்கே போகும். வீட்டுச் செலவை நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள். பிள்ளை பிறந்தால் யார் விழித்திருப்பது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள் என்றேன். மாப்பிள்ளை பகுதியாருக்கும் இதனை மறையாது சொல்லியனுப்பினேன். மறுமொழி இன்னும் வரவில்லை. வராவிட்டாலும் சொன்னது சொன்னதுதான்.

சென்ற சனிக்கிழமை நான் கணக்குக் கேட்கவில்லை. இனிக் கேட்பதில்லை என்றும் சொன்னேன். என் மனைவி சற்று நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்பு கொப்பியைத் திறந்து, வழக்கம்போலவே, வெங்காயத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.